நீளம் சொல்லாமல் வரும் டேட்டாவுக்கு ஒரு பஃபர்: கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு செய்முறை

வட சென்னையில், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது பைக்கை அணைத்துவிட்டு நிற்கிற எல்லோருக்கும் மனதில் ஒரே கேள்விதான்: வருவது எவ்வளவு நீள வண்டி? மின்சார ரயில் என்றால் சட்டென்று போய்விடும். சரக்கு வண்டி என்றால் சொல்ல முடியாது. கடைசிப் பெட்டி கண்ணில் பட்டால்தான் முடிந்தது என்று அர்த்தம். அந்தக் கடைசிப் பெட்டியின் பின்புறம் எல்.வி. என்று ஒரு சின்னப் பலகை தொங்கும். 'லாஸ்ட் வெஹிக்கிள்' என்பதன் சுருக்கம். அதைப் பார்க்காமல் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்று ரயில்வேக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நடுவில் கொக்கி கழன்று பாதி வண்டி பின்னாலேயே நின்றுவிட்டிருந்தால்?

நீளம் மாறி மாறி வரும் டேட்டாவைத் தாங்கும் பஃபர் மெமரியை (வந்ததை, எடுப்பவர் எடுக்கும்வரை வைத்திருக்கும் இடம்) செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். சிப்புக்குள் இருக்கும் சர்க்யூட்டை எழுத்தில் விவரிக்கும் வெரிலாக் மொழியில் ஒரு கவுண்டர் எழுதத் தெரிந்தவர், அல்லது மைக்ரோகன்ட்ரோலரில் சீரியல் போர்ட்டைப் படித்துப் பழகியவர், இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று வார இறுதிகளில் ஒன்றைச் செய்துவிடலாம்.

அதற்கு முன் நான் கெடுத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் எடைமேடைக்கு டேட்டா லாகர் செய்து கொடுத்தேன். இண்டிகேட்டர் எடையை ஓயாமல் சீரியல் கேபிளில் அனுப்பிக்கொண்டே இருக்கும். வழக்கமாக ஒரு வரிக்குப் பத்துப் பதினைந்து எழுத்து. யாராவது சீட்டுக்காக பிரிண்ட் அழுத்தினால் அதே கேபிளில் இருநூறு எழுத்து வரும். நான் 1024 பைட்டில் ஒரு பஃபர் வைத்து, வந்ததையெல்லாம் அதில் கொட்டி, மறுபக்கம் எடுத்து மோடம் வழியே அனுப்பினேன். ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு டிரெய்லர் டிரைவர் வந்து, "இன்னாண்ணே, வண்டி இருபத்தி நாலு டன்னு. உன் பொட்டி ரெண்டரை டன்னு காட்டுது. மீதிய வழியில நான் துன்னுட்டனா?" என்றார். 24560 என்பதில் கடைசி இலக்கம் விழுந்து 2456 ஆகியிருந்தது.

காரணம் எளிது. மோடம் சில சமயம் மூன்று விநாடி இழுத்துக்கொள்ளும். 9600 பாடில், அதாவது விநாடிக்கு 9600 பிட் வேகத்தில், விநாடிக்கு 960 பைட் வரும். மூன்று விநாடிக்கு 2880. பஃபர் நிரம்பியதும் வந்த எழுத்துகள் காற்றில் போயின. இடம் கிடைத்ததும் வேறொரு வரியின் நடுவிலிருந்து ஒட்டிக்கொண்டது. நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம், பஃபரை 2048 ஆக்கியது. தினமும் வந்த தவறு வாரத்துக்கு ஒன்றானது, அவ்வளவுதான். அடிக்கடி வரும் தவறைப் பிடிப்பது சுலபம். வாரத்துக்கு ஒருமுறை வருவதைப் பிடிக்க யார்டிலேயே பாய் விரிக்க வேண்டும். இடம் போதாமல் போவது எந்த பஃபருக்கும் நடக்கும். என் பஃபருக்கு ஒரு வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது என்பதுதான் உண்மையான கோளாறு.

முதல் படி: காகிதமும் பேனாவும்

போர்டை வாங்குவதற்கு முன் நான்கு எண்களை எழுதுங்கள். வரக்கூடிய மிகச் சிறிய பாக்கெட் (சேர்ந்து வரும் ஒரு துண்டு டேட்டா, என் கதையில் ஒரு வரி), மிகப் பெரிய பாக்கெட், வரும் வேகம், பஃபரிலிருந்து எடுப்பவர் (என் கதையில் மோடம் பக்கம்) அதிகபட்சம் எவ்வளவு நேரம் கவனிக்காமல் இருப்பார்.

கடைசி எண்ணைத்தான் எல்லோரும் மறப்பார்கள். 115200 பாட் சீரியல் என்றால், ஸ்டார்ட் பிட், ஸ்டாப் பிட் சேர்த்து ஒரு பைட்டுக்குப் பத்து பிட். விநாடிக்கு 11520 பைட். எடுப்பவர் 50 மில்லிவிநாடி வேறு வேலையாக இருந்தால் 576 பைட் குவியும். அதற்கு மேல் ஒரு முழு பெரிய பாக்கெட்டுக்கு இடம் விட்டு, 512, 1024, 2048 என்று போகும் இரண்டின் அடுக்குகளில் அடுத்ததற்கு ஏற்றுங்கள்.

ஈதர்நெட் என்றால் எண்கள் ஏற்கெனவே தெரிந்தவை. சாதாரண ஃபிரேம் (ஈதர்நெட் பாக்கெட்டின் பெயர்) 64 பைட்டிலிருந்து 1518 பைட் வரை. முன்னால் பிரியாம்பிள் என்ற 8 பைட் தொடக்க அடையாளம், பின்னால் 12 பைட் இடைவெளி சேர்த்தால், கிகாபிட் வேகத்தில் சின்ன ஃபிரேம் 672 நானோவிநாடிக்கு ஒன்று வரும். விநாடிக்குச் சுமார் 14.88 லட்சம். பெரியது 12.3 மைக்ரோவிநாடிக்கு ஒன்று. பெரிய பாக்கெட் இடத்தைத் தின்னும், சின்ன பாக்கெட் நேரத்தைத் தின்னும். இரண்டு கோடியிலும் கணக்குப் போட்டுப் பார்க்காத டிசைன் ஏதாவது ஒரு கோடியில் உடையும்.

இரண்டாம் படி: எப்படி அடுக்குவது

மூன்று வழி இருக்கிறது. முதல் வழி, பெரிய பாக்கெட்டுக்குத் தக்க சம அளவு அறைகள், அறைக்கு 2048 பைட். எழுதுவது சுலபம். ஆனால் 64 பைட் பாக்கெட் ஒன்று உள்ளே போனால் 1984 பைட் சும்மா கிடக்கும். நாற்பதடி டிரெய்லரில் ஒரு மீன் கூடையை ஏற்றி காசிமேட்டிலிருந்து அனுப்புவது மாதிரி.

இரண்டாவது, 64 பைட் போலச் சின்னச் சின்ன அறைகளாக வெட்டி, ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை வேண்டுமோ அத்தனையைச் சங்கிலியாகக் கோப்பது. 1518 பைட்டுக்கு 24 அறை. இதிலும் 65 பைட் பாக்கெட் வந்தால் இரண்டு அறை போகும், இரண்டாவதில் 63 பைட் வீண். காலி அறைகளின் பட்டியலை வேறு பராமரிக்க வேண்டும். பல வரிசைகள் ஒரே மெமரியைப் பங்குபோடும் ஸ்விட்ச்களுக்கு இது பொருத்தம். புதியவருக்கு வேண்டாம், அந்தப் பட்டியலில் ஒரு அறை தொலைந்தால் தேடிக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆகும்.

மூன்றாவது, வட்ட பஃபர். பாக்கெட்டுகளை இடைவெளியே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக எழுதி, கடைசி முகவரி வந்ததும் முதலுக்குத் திரும்புவது. ஒரே வரிசை, முதலில் வந்தது முதலில் போகும் என்றால் இதைவிடச் சிக்கனமானது இல்லை. நாம் செய்யப்போவது இதுதான்.

மூன்றாம் படி: போர்டு

நான் பரிந்துரைப்பது டாங் நானோ 9கே. இது எஃப்.பி.ஜி.ஏ. போர்டு, அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே எழுதி ஏற்றும் சிப் கொண்டது. உள்ளே இருக்கும் கோவின் சிப்பில் 8640 லட் (சின்ன லாஜிக் துண்டு), தலா 18 கிலோபிட் கொண்ட 26 மெமரி பிளாக், 27 மெகாஹெர்ட்ஸ் கிளாக். புரோகிராமர் போர்டிலேயே இருக்கிறது. ஒரு டைப்-சி கேபிள் போதும். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். ஆனால் எஃப்.பி.ஜி.ஏ. போர்டு எல்லாக் கடையிலும் இருக்காது. கேட்டால் பாதிப் பேர் ஆர்டுயினோவை நீட்டுவார்கள். போர்டை ஆன்லைனில் போட்டுவிட்டு, ஜம்பர் ஒயர், யூ.எஸ்.பி. சீரியல் கன்வெர்ட்டர், மேக்ஸ் 3232 மாட்யூல் ஆகியவற்றை மட்டும் ரிச்சி தெருவில் வாங்குங்கள். கடைசிச் சாமானை மறக்காதீர்கள். எடைமேடை இண்டிகேட்டர் போன்ற பழைய சாதனங்களின் ஆர்.எஸ். 232 லைனில் பிளஸ் மைனஸ் வோல்ட்டேஜ் ஓடும். அதை நேராக 3.3 வோல்ட் பின்னில் கொடுத்தால் போர்டு போயே போச்சு.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடற்கரையை ஒட்டி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போர்டைத் திறந்தபடி மேசையில் போட்டு வைக்காதீர்கள். உப்புக்காற்றில் ஹெடர் பின்கள் பச்சை பிடித்துவிடும். பிறகு டிசைனில் தவறு தேடி இரவெல்லாம் விழித்து, கடைசியில் கான்டாக்ட் இல்லை என்று தெரியும்போது அழுகை வரும். மூடி உள்ள டப்பா ஒன்று போதும்.

போர்டு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். டிசைனைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க ஐகாரஸ் வெரிலாக், சிக்னல்களை வரைபடமாகப் பார்க்க ஜி.டி.கே.வேவ், இரண்டும் இலவசம். முக்கால்வாசி வேலை சிமுலேஷனிலேயே முடிந்துவிடும், முடியவும் வேண்டும்.

நான்காம் படி: இரண்டு பாயிண்டர், ஒரு கூடுதல் பிட்

ஒரு பிளாக்கை 2048 இடம், இடத்துக்கு 9 பிட் என்று அமைத்துக்கொள்ளுங்கள். முகவரிக்கு 11 பிட் போதும். ஆனால் அடுத்து எங்கே எழுதுவது, எங்கே படிப்பது என்று காட்டும் எழுதும் பாயிண்டர், படிக்கும் பாயிண்டர் இரண்டையும் 12 பிட்டாக வையுங்கள். 11 பிட் மட்டும் வைத்தால் இரண்டும் சமமாகும்போது பஃபர் காலியா, நிரம்பி வழிகிறதா என்று தெரியாது. பன்னிரண்டாவது பிட் எத்தனையாவது சுற்று என்பதைச் சொல்லும். 12 பிட்டும் சமம் என்றால் காலி. கீழ் 11 பிட் சமம், மேல் பிட் மட்டும் வேறு என்றால் நிரம்பியது. எழுதுவதிலிருந்து படிப்பதைக் கழித்து 12 பிட்டை மட்டும் எடுத்தால் உள்ளே இருப்பதன் எண்ணிக்கை. சுற்றி வந்தாலும் கணக்கு தப்பாது.

பிளாக் மெமரி முகவரி கொடுத்த அடுத்த கிளாக்கில்தான் டேட்டாவைத் தரும். ஒரு பைட் தள்ளித் தள்ளி வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது இந்த வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஒன்பதாவது பிட்

எட்டு பிட் டேட்டாவுக்கு ஒன்பது பிட் இடம் எதற்கு? அதுதான் நம் எல்.வி. பலகை. சாதாரண பைட்டுக்கு 0, பாக்கெட்டின் கடைசி பைட்டுக்கு 1. படிப்பவர் அந்த 1 வரும்வரை படித்தால் ஒரு பாக்கெட் முழுசாகக் கையில். இந்த ஒன்பதாவது பிட் இன்றைக்கு வந்த யோசனை அல்ல. ஐ.டி.டி. 7201 என்ற பழைய ஃபிஃபோ (முதலில் வந்தது முதலில் போகும் பஃபர்) சிப்பே 512 இடம், இடத்துக்கு 9 பிட் என்ற கணக்கில்தான் இருந்தது. தவறைக் கண்டுபிடிக்கும் பாரிட்டிக்கு வைத்துக்கொள், இல்லை வேறு அடையாளத்துக்கு வைத்துக்கொள் என்று அந்த ஒற்றை பிட்டை நம்மிடம் விட்டிருந்தார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ரயில் பாதையில் ஆக்சில் கவுண்டர் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே போன அச்சுகளையும் வெளியே வந்த அச்சுகளையும் எண்ணும். இரண்டும் சமம் என்றால் பாதை காலி. அதேபோல் பாக்கெட்டின் நீளத்தை எண்ணி, ஒரு தனிச் சின்ன ஃபிஃபோவில் போட்டு வைக்கலாம். படிப்பவர் முதலில் நீளத்தை எடுத்து, அத்தனை பைட்டை எண்ணிப் படிப்பார். எடுப்பதற்கு முன்பே நீளம் தெரிய வேண்டிய இடங்களில் இதுதான் சௌகரியம். நான் இரண்டையும் வைப்பேன். எண்ணிக்கை முடிந்த இடத்தில் ஒன்பதாவது பிட் 1 இல்லை என்றால் எங்கோ தவறு என்று உடனே தெரிந்துவிடும், எல்.இ.டி. ஒன்றை எரிய விடலாம்.

இதில் ஒரு சிக்கல். பல இடங்களில் கடைசி பைட் எது என்பது அது கடந்துபோன பிறகுதான் தெரியும்; ஈதர்நெட்டில், பைட் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லும் 'வேலிட்' சிக்னல் கீழே இறங்கும்போதுதான் முந்தியது கடைசி என்று புரியும். அதனால் வந்த பைட்டை உடனே எழுதாமல் ஒன்றைக் கையிலேயே வைத்திருங்கள். அடுத்தது வந்தால் கையில் இருப்பதை 0 போட்டு எழுதுங்கள். வரவில்லை, முடிந்தது என்றால் 1 போட்டு எழுதுங்கள். எடைமேடை வரிக்கு இந்தத் தொல்லை இல்லை. வரி முடிந்தது என்று சொல்லும் கேரேஜ் ரிட்டர்ன் எழுத்தே பலகை.

ஆறாம் படி: முழுசாக வராதது வரவே இல்லை

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மேலே சொன்ன பஃபரில் பாதி பாக்கெட் வந்திருக்கும்போதே படிப்பவர் படிக்கத் தொடங்கிவிடுவார். பின்பாதியில் சி.ஆர்.சி. (டேட்டா கெட்டுவிட்டதா என்று சரிபார்க்கும் எண்) தவறு என்று தெரிந்தால்? நடுவில் பஃபர் நிரம்பினால்? கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க முடியாது.

ஆகவே எழுதும் பக்கத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு பாயிண்டர் வையுங்கள். ஒன்று தற்காலிகம், ஒவ்வொரு பைட்டுக்கும் ஒன்று கூடும். மற்றது உறுதியானது, பாக்கெட் முழுசாக, தவறில்லாமல் முடிந்த பிறகுதான் தற்காலிகத்தின் இடத்துக்கு ஒரே தாவலில் வரும். பஃபர் நிரம்பியதா என்று பார்க்கத் தற்காலிகப் பாயிண்டர். காலியா என்று பார்க்க உறுதிப் பாயிண்டர். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் சிமுலேஷனில் எல்லாம் சரியாகவே தெரியும், பஃபர் நிரம்பும் நாள்வரை.

பாக்கெட் கெட்டது என்று தெரிந்தால் ஒரே வேலை: தற்காலிகப் பாயிண்டரை உறுதிப் பாயிண்டரின் இடத்துக்கு இழுத்துவிடுங்கள். மெமரியைத் துடைக்க வேண்டியதில்லை. பழைய பைட்டுகள் கிடந்தால் கிடக்கட்டும், மேலே எழுதப்படும்.

நடுவில் இடம் போதவில்லை என்றாலும் அதேதான். பின்னோக்கி இழுத்துவிட்டு, 'இதை ஒதுக்கு' என்று ஒரு ஃபிளாக் போட்டு, அந்தப் பாக்கெட்டின் முடிவு வரும்வரை வருவதையெல்லாம் தள்ளிவிடுங்கள். முடிவு வந்ததும் ஃபிளாக்கை இறக்குங்கள். தள்ளியவற்றை ஒரு கவுண்டரில் எண்ணி வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் கையில் பதில் இருக்கும். என் எடைமேடையில் இது இருந்திருந்தால் ஒரு வரி முழுசாகப் போயிருக்கும், அடுத்த அரை விநாடியில் இன்னொரு வரி வந்திருக்கும், டிரைவரிடம் பேச்சு வாங்கியிருக்க மாட்டேன்.

ஒரு கண்ணி. வண்டிகள் ஒதுங்கி நிற்கும் லூப் லைனை விட நீளமான சரக்கு வண்டியை அந்த லூப்பில் நிறுத்த முடியாது. அதேபோல் பாக்கெட் பஃபரை விடப் பெரிதாக இருந்து, அனுப்புபவரை 'பொறு' என்று நிறுத்தி வைக்கும் வசதியும் இருந்தால், எழுதுபவர் இடத்துக்காகக் காத்திருப்பார், படிப்பவர் முழுப் பாக்கெட்டுக்காகக் காத்திருப்பார். இருவரும் பொழுது விடியும்வரை நிற்பார்கள். அதனால் பஃபர் குறைந்தது மிகப் பெரிய பாக்கெட்டைப் போல இரு மடங்கு இருக்கட்டும், ஒன்றைப் படிக்கும்போது இன்னொன்றை எழுத. 1518 பைட் ஈதர்நெட்டுக்கு 2048 போதாது. இரண்டு பிளாக் சேர்த்து 4096 ஆக்குங்கள், பாயிண்டரும் 13 பிட் ஆகும். அதையும் மீறி வருவதை நிறுத்தி வைக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

ஏழாம் படி: இரண்டு கிளாக் இருந்தால்

எழுதுவதும் படிப்பதும் ஒரே கிளாக்கில் நடந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். முதல் முயற்சிக்கு அப்படியே வைத்துக்கொள்வது நல்லது.

வெவ்வேறு கிளாக் என்றால் ஒரு பக்கத்துப் பாயிண்டரை மறுபக்கம் பார்க்க வேண்டும். 7 என்ற எண் 8 ஆகும்போது 0111 என்பது 1000 ஆகிறது. நான்கு பிட்டும் புரளும். புரளும் நொடியில் மறுபக்கம் எட்டிப் பார்த்தால் 15 தெரியலாம், 0 தெரியலாம். இதற்கு மருந்து கிரே கோடு. பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே 1947இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அதில் 7 என்பது 0100, 8 என்பது 1100. ஒரே பிட்தான் மாறும். தவறாகப் படித்தாலும் பழைய எண் அல்லது புதிய எண், வேறொன்று வராது. கிரே எண்ணை இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் (ஒரு பிட்டை ஒரு கிளாக் நேரம் பிடித்து வைக்கும் சர்க்யூட்) வழியே மறுபக்கம் கொண்டுவருவது வழக்கம்.

இதுவரை எல்லாப் பாடத்திலும் இருக்கும். நம் பஃபரில் இது அப்படியே செல்லாது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கிரே கோடு ஒன்று ஒன்றாகக் கூடும் எண்ணுக்கு மட்டுமே காவல். நம் உறுதிப் பாயிண்டர் ஒரே தாவலில் 300, 1500 என்று குதிக்கிறது. கிரேவுக்கு மாற்றினாலும் பல பிட் ஒரே நேரத்தில் புரளும். பழைய பிரச்சினை முகமூடி போட்டுக்கொண்டு திரும்ப வரும்.

தப்பிக்க வழி, பாயிண்டரையே கடத்தாமல் இருப்பது. ஐந்தாம் படியில் சொன்ன நீள ஃபிஃபோவை இரண்டு கிளாக் ஃபிஃபோவாக்குங்கள். ஒரு பாக்கெட் உறுதியாகும்போது அதில் ஒரே ஒரு பதிவு. அதன் பாயிண்டர் ஒன்று ஒன்றாகத்தான் கூடும், கிரே கோடு அங்கே நேர்மையாக வேலை செய்யும். படிப்பவர் டேட்டா பாயிண்டரைப் பார்க்கவே வேண்டாம். நீளம் வந்திருக்கிறது என்றால் அத்தனை பைட் உள்ளே உறுதியாக இருக்கிறது. எதிர்த் திசையில் படிக்கும் பாயிண்டர் ஒன்று ஒன்றாக நகர்வதால் அதைக் கிரேவாகவே அனுப்பலாம். பின்னோக்கி இழுப்பது எழுதும் பக்கத்துக்குள்ளேயே நடப்பதால் மறுபக்கத்துக்கு அது தெரியவும் தெரியாது. நீள ஃபிஃபோவும் நிரம்பலாம் என்பதை மறக்காதீர்கள். 4096 இடத்தில் 64 பைட் பாக்கெட்டுகள் மட்டும் வந்தால் 64 பாக்கெட் அடங்கும். நீள ஃபிஃபோவில் 16 பதிவுக்குத்தான் இடம் என்றால் முக்கால் பஃபர் காலியாக இருக்கும்போதே கதவு மூடிவிடும்.

எட்டாம் படி: உடைத்துப் பாருங்கள்

சிமுலேஷனில் ஒரு பைட் பாக்கெட் அனுப்புங்கள். அதுவே முதலும் கடைசியும். இதில் விழாத முதல் டிசைனை நான் பார்த்ததில்லை. மிகப் பெரியது, அதைவிட ஒன்று கூடுதல், சரியாகக் கடைசி முகவரியில் முடிவது, கடைசி முகவரியைத் தாண்டிப் பாதி மடங்குவது, இவையெல்லாம் தனித்தனியாக. படிப்பவரை நிறுத்திவிட்டு நிரம்பும்வரை அடியுங்கள். பிறகு திறந்து, வெளியே வந்த ஒவ்வொன்றும் முழுசா என்று பாருங்கள். அனுப்பியது, வந்தது, ஒதுக்கியது மூன்றின் கணக்கும் இடிக்கக் கூடாது. அதற்குப் பிறகு நீளத்தையும் இடைவெளியையும் தாறுமாறாக வைத்து ஒரு லட்சம் பாக்கெட் ஓடவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

போர்டில் ஏற்றிய பிறகு செய்ய வேண்டிய சோதனை ஒன்று சிமுலேஷனில் யாருக்கும் தோன்றாது: பாக்கெட் வந்துகொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்குங்கள். பாதி பாக்கெட் தற்காலிகத்தில் தொங்கும். திரும்பச் செருகினால் புதிய பாக்கெட் அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாவது பிட் ஒன்றே ஒன்றுதான் வரும், இரண்டும் ஒரே பாக்கெட்டாகப் போய்விடும். இதற்கு ஒரு டைமர் வேண்டும். பாக்கெட்டின் நடுவில் இருக்கும்போது குறிப்பிட்ட நேரம் பைட்டே வரவில்லை என்றால் தற்காலிகத்தைப் பின்னோக்கி இழுத்துவிட வேண்டும். எவ்வளவு நேரம்? தொழிற்சாலைச் சாதனங்கள் சீரியலில் பேசிக்கொள்ளும் மாட்பஸ் ஆர்.டி.யூ. முறையில் மூன்றரை எழுத்து நேர மௌனம் ஒரு ஃபிரேமின் முடிவு. 9600 பாடில், எழுத்துக்குப் பத்து பிட் என்றால், அது சுமார் 3.6 மில்லிவிநாடி. எடைமேடை இண்டிகேட்டர்கள் நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்கும் பழக்கம் உள்ளவை என்பதால் நான் அங்கே 20 மில்லிவிநாடி வைத்தேன். உங்கள் சாதனம் எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்பதை முதல் நாளே அளந்து, அந்தக் காகிதத்தில் ஐந்தாவது எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள்.